நம் வயசை எப்படிப் படம் பிடிப்பது?

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை)



போன வருஷம் நம் ஆண்டு விழாவில் குறும்படப் போட்டி நடந்தது ஞாபகம் இருக்கும். ஐந்து படங்கள் போட்டார்கள். ஐந்திலும் கதாநாயகன் நம் வயசுப் பையன். ஐந்திலும் அழுதான். நாலு படத்தில் கடைசியில் செத்தும் போனான்! முதல் படத்துக்கு ஹால் அமைதியாக இருந்தது. இரண்டாவது படத்துக்குக் கொஞ்சம் இருமல். மூன்றாவது ஓடும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சீக்கிரம் முடிங்கப்பா, பஸ் போயிரும்!" அவ்வளவுதான், சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆனது.

அந்த மூன்றாவது படம் நான் எடுத்தது.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிரிப்பு வருகிற மாதிரி எடுத்தது நான்தானே! ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயசு. படத்தில் வந்தவனுக்கும் பதினேழு. பார்த்த உங்களுக்கும் ஏறக்குறைய அதே வயசு. அப்படி இருந்தும் அந்தத் துக்கம் ஏன் ஒருத்தருக்கும் தன் துக்கமாகத் தெரியவில்லை? இதற்கு ஒரு வருஷமாகப் படம் பார்த்தும், எடுத்துப் பார்த்தும், அடி வாங்கியும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த வருஷம் படம் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்குப் பயன்பட்டால் சந்தோஷம்.

அம்மா கேட்ட கேள்வி

என் படத்தின் கதை இதுதான். டிப்ளமோ படிக்கும் ஒருவன் ஒரு பேப்பரில் பெயில் ஆகிறான். வீட்டில் சொல்லப் பயம். கண்ணாடி முன் நின்று அழுகிறான். மழையில் நனைந்து அழுகிறான். பின்னணியில் வயலின். கடைசியில் சாகிறான். மொத்தம் எட்டு நிமிஷம்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். விழா முடிந்த ராத்திரி படத்தை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். எதைப் பார்த்தாலும் யாரோடு பேசினாலும் அம்மாவின் கை நிற்காது. ஆயிரம் பீடி ஆக வேண்டுமே! ஆனால் படம் முடிந்தபோது கை நின்றிருந்தது. அம்மா அழவில்லை. "நல்லாருக்கு" என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எய்யா, நீ பெயிலாயிட்டியா?"

நண்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது செமஸ்டரில் எலக்ட்ரிக்கல் சர்க்யூட் பேப்பரில் எனக்கு அரியர். இரண்டு மாசமாக வீட்டில் சொல்லவில்லை. மறுபடி எழுதப் பீஸ் கேட்கப் பயந்து, ஏப்ரல் பரீட்சைக்கு அந்தப் பேப்பரைக் கட்டவும் இல்லை. வாயால் சொல்ல முடியாததைத்தான் படமாக எடுத்து வைத்திருந்தேன்.

"படத்தப் பாத்தா கண்டுபிடிச்ச?" என்றேன்.

"படத்துல என்ன தெரியும்? அந்தப் பையன் கண்ணாடியப் பாத்து அழுதான். நீ எப்பம் அழுத? அன்னிக்கு ஒருநா நீ வந்ததும் வராததுமா நான் சொல்லாமலே கொடத்தத் தூக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போன. அப்பமே நெனச்சேன், இவன் எதையோ மறைக்கான்னு."

ரிசல்ட் வந்த நாள் அது! எட்டு நிமிஷப் படத்தில் நான் கொண்டுவர முடியாத உண்மை அந்த ஒரு குடத்தில் இருந்தது.

மறைப்பதில்தான் இருக்கிறது

சின்னக் குழந்தை விழுந்தால் உடனே அழும். நம் வயசு அப்படி இல்லை. விழுந்தால் முதலில் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்போம். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி சட்டையைத் தட்டிவிட்டு நடப்போம். வலியும் பெரிசு, வெட்கமும் பெரிசு. பயந்தவன் சத்தமாகப் பேசுவான். பிடித்த பெண் பக்கத்தில் வந்தால் கூட்டாளியைப் போட்டு அடிப்பான். தப்பு செய்தவன் வீட்டில் திடீரென்று நல்ல பிள்ளை ஆகிவிடுவான். உள்ளே ஒன்று, வெளியே வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் நம் வயசின் உணர்ச்சி. அழுகையை மட்டும் எடுத்தால் அந்த இடைவெளி படத்தில் வராது.

விஞ்ஞானமும் நம் வயசைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறது. மூளையில் உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகள் இந்த வயசிலேயே முழு வேகத்தில் வேலை செய்கின்றன. நிதானமாக யோசித்துத் தடுக்கிற முன்பகுதியோ இருபது வயசு தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நம் துறைப் பாஷையில் சொல்கிறேன். இண்டக்ஷன் மோட்டாரை ஸ்டார்ட்டர் இல்லாமல் நேரடியாக ஆன் செய்தால், கிளம்பும்போது ஃபுல் லோடு கரண்டைப் போல அஞ்சு முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். வேகம் பிடித்ததும் தானாகக் குறைந்துவிடும். நமக்கு மோட்டார் வந்துவிட்டது, ஸ்டார்ட்டர் இன்னும் வந்து சேரவில்லை! அதனால்தான் பெரியவர்களுக்குச் சின்னதாகத் தெரிவது நமக்கு மலையாகத் தெரிகிறது. அது பொய் இல்லை, நடிப்பும் இல்லை. ஆனால் அது குறையும் என்பதும் உண்மை. படம் எடுப்பவன் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

பெரியவர்கள் எப்படி எடுத்தார்கள்?

சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' 1956-ல் வந்த வங்காளப் படம். அடுத்த வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. கிராமத்துப் பையன் அபு, உதவித்தொகை கிடைத்து கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான். அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். லீவுக்கு வந்தவன் ராத்திரி படுத்திருக்கும்போது அம்மா தனக்கு உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று பேசிக்கொண்டே போகிறாள். திரும்பிப் பார்த்தால் பையன் தூங்கிவிட்டான்! கெட்டவன் இல்லை, அந்த வயசு அப்படி. லீவு முடிந்து ரயிலுக்குப் போகிறான். ரயில் வருகிறது. ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, ரயிலை விட்டுவிட்டதாகப் பொய் சொல்கிறான். "அம்மா, உன்னை விட்டுப் போக மனசில்லை" என்று ஒரு வசனம் கிடையாது. ஒரே ஒரு பொய்! வெளியூர் ஹாஸ்டலில் இருந்து படிக்கும் நண்பர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, பிரான்ஸ் நாட்டு த்ரூஃபோ 1959-ல் எடுத்த 'நானூறு அடிகள்'. அவருக்கு அது முதல் முழுநீளப் படம். அந்த வருஷம் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்தது. வீட்டிலும் பள்ளியிலும் ஒட்டாத சிறுவன் அந்த்வான்தான் கதாநாயகன். நடித்த ழான் பியர் லேயோவுக்கு அப்போது பதினாலு வயசு. பள்ளிக்கு மட்டம் போட்டதற்கு வாத்தியார் காரணம் கேட்க, அம்மா செத்துப்போனதாகச் சொல்லிவிடுவான்! பின்னால் ஒரு காட்சியில் சீர்திருத்தப் பள்ளியில் மனநல நிபுணர் அவனைக் கேள்வி கேட்கிறார். நிபுணரைக் காட்டவே இல்லை, குரல் மட்டும்தான். கேமரா பையன் மேலேயே இருக்கிறது. அந்தப் பதில்களை இயக்குநர் எழுதிக் கொடுக்கவில்லை. கேள்விகளை அவரே கேட்டு, பையனைத் தன் வார்த்தையில் பதில் சொல்ல விட்டார். அவன் மேஜையை விரலால் தடவுவதும், பாதியில் நிறுத்திச் சிரிப்பதும் எந்த வசனகர்த்தாவும் எழுத முடியாதவை.

மூன்றாவது நம் தமிழில். பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம், 1979-ல் வந்த 'அழியாத கோலங்கள்'. கிராமத்தில் மூன்று பையன்கள், ஊருக்குப் புதிதாக வரும் டீச்சர். டீச்சராக ஷோபா. அந்த வயசின் ஆசையையும் குழப்பத்தையும் கேலி செய்யாமல், பாடமும் நடத்தாமல் காட்டிய படம். நாம் எடுக்கும் படங்களில் இந்த இரண்டில் ஒன்றைத்தானே செய்கிறோம்? ஒன்று காமெடி ஆக்குவோம், இல்லாவிட்டால் கடைசியில் கருத்து சொல்லுவோம்.

இவர்கள் எல்லாம் மேதைகள், நாம் எங்கே என்று கேட்காதீர்கள். 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் காட்டியவர்கள்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும். குறும்படம் சின்ன விஷயம் இல்லை.

கைக்கு வேலை கொடுங்கள்

சரி, நடைமுறைக்கு வருவோம். என் படத்தில் நடித்தவன் மெக்கானிக்கல் துறைக் கூட்டாளி. முதல் தடவை அவனிடம் "துக்கமா இருல" என்றேன். அவன் புருவத்தைச் சுருக்கி வாயைக் கோணினான். வயிற்று வலிக்காரன் மாதிரி இருந்தது. கிளிசரின் போட்டோம். கண்தான் சிவந்தது.

தப்பு அவனுடையது இல்லை. நடிப்பு தெரியாதவனிடம் உணர்ச்சியைக் கேட்கக் கூடாது, வேலையைக் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை எடுத்தபோது ஒர்க்ஷாப் சாரிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கினோம். வைஸில் ஒரு இரும்புத் தகடு. அதில் மார்க்கிங் கோடு. "கோடு வரைக்கும் ராவு. ஆனா கோடு வந்ததும் நிறுத்தாத" என்று மட்டும் சொன்னேன். அவன் ராவுகிறான். பக்கத்து பெஞ்சில் ரிசல்ட் பற்றிப் பேச்சு. இவன் அரம் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த காட்சியில் வெர்னியர் வைத்து அளக்கிறார்கள். 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஜாப் 49! படம் பார்த்த முதலாண்டுத் தம்பி ஒருத்தன் "ஐயோ" என்றான். ஜாப் கெட்டுப்போனால் மனசு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியாதா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் அது வந்து சேர்ந்தது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு நடிகரின் சாதாரண முகம். அதை ஒரு தடவை சூப் கிண்ணத்தோடும், ஒரு தடவை சவப்பெட்டியோடும், ஒரு தடவை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும், பிறகு துக்கத்தையும், கடைசியில் ஆசையையும் அந்த முகத்தில் கண்டார்கள் என்பார்கள். மூன்றிலும் முகம் ஒன்றேதான்! ஆகவே முகத்தை நம்பிப் பயப்பட வேண்டாம். முகத்துக்கு அடுத்து எதை வைக்கிறீர்கள் என்பதை யோசியுங்கள். மிச்சத்தைப் பார்ப்பவன் மனசே செய்துகொள்ளும்.

பெண் பிள்ளைகளின் கதை?

இரண்டாவது தடவை எடுக்கும்போது ஈ.சி.ஈ. துறைத் தோழி ஒருவரை ஒரு காட்சியில் நடிக்கக் கேட்டோம். என்ன காட்சி என்று கேட்டார். "நீங்க நடந்து போவீங்க, இவன் பாப்பான், நீங்க திரும்பிப் பாப்பீங்க" என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்க படத்துலயெல்லாம் நாங்க திரும்பிப் பாக்கதுக்கு மட்டும்தானா? எங்களுக்கும் அரியர் விழும். உங்களுக்கு அரியர்னா வீட்டுல ஏசுவாங்க. எங்களுக்குன்னா படிப்ப நிறுத்திருவாங்க, மாப்பிள்ளை பாப்பாங்க. அதப் படமா எடுங்களேன்."

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் காட்சியை அவரே எழுதினார், அவரே நடித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனில் ரிசல்ட் பார்க்கிறார். போனைக் கவிழ்த்து வைக்கிறார். சிரித்துக்கொண்டே தன் டிபன் பாக்ஸைத் தோழிகளுக்கு நீட்டுகிறார். எல்லோரும் எடுத்துச் சாப்பிட, டப்பா காலியாகிறது. அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் படத்தில் சிறந்த காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நடிக்க வருபவர்களிடம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், படத்தை எங்கே போடப்போகிறோம், யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடித்ததும் அவர்களுக்குக் காட்டிவிட்டு, சம்மதித்த பிறகே வெளியிடுங்கள். தெரியாமல் படம் பிடிக்கிற போன் ஒரு பெண்ணை என்ன பாடுபடுத்தும் என்பதை பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நம் படிப்பும் கை கொடுக்கும்

கேமரா வாங்கக் காசில்லை என்று நிற்க வேண்டாம், போன் போதும். ஆனால் சில விஷயங்கள் தெரிய வேண்டும்.

வெளிச்சம்: நம் நாட்டில் ஏ.சி. சப்ளை 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட் வெளிச்சம் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும். போன் தன் இஷ்டத்துக்கு 1/60 வைத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். சர்க்யூட்டில் பெயிலான நான் இதைக் கண்டுபிடித்தபோது ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை!

தூரம்: துக்கத்தைக் காட்டுகிறேன் என்று போனை முகத்தில் கொண்டுபோய் இடிக்காதீர்கள். அத்தனை கிட்டத்தில் மூக்கு பெரிதாகி, பார்ப்பவனுக்குச் சிரிப்புதான் வரும். நாலடி தள்ளி, நடிப்பவரின் கண் உயரத்தில் வையுங்கள்.

சத்தம்: இன்னொரு போனை நடிப்பவரின் சட்டைப் பையில் ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு, ஆரம்பத்தில் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் இரண்டு தட்டையும் சேர்த்துவிட்டால் குரல் பொருந்திவிடும். காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். வயலினைவிட ஒர்க்ஷாப்பில் தூரத்துச் சுத்தியல் சத்தம் மனசை அதிகம் அசைக்கும்.

கடைசிக் காட்சி

இப்போது நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். நாலு படத்தில் நாயகன் ஏன் செத்தான்? எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். வேறு எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. செத்தால் எல்லோரும் அழுவார்கள், கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். அவன் சாகாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும். அந்தக் காட்சியை எழுத எனக்குத் தைரியம் இல்லை. சாவு சுலபமான முடிவு. கதைக்குச் சொல்கிறேன்!

ஆனால் இருட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களில் அன்றைக்கு ரிசல்ட் பார்த்தவன் ஒருத்தன் இருப்பான். ஸ்டார்ட்டிங் கரண்டைப் பார்த்து மோட்டார் எரிந்துவிட்டது என்று அவனுக்கு நாம் சொல்லலாமா? சினிமா, நாடகம் எடுப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கையேடு வெளியிட்டது. தற்கொலையை ஒரு தீர்வு போலக் காட்டாதீர்கள், எப்படி என்று விவரிக்காதீர்கள், கஷ்டத்திலிருந்து மீண்டு வருகிறவர்களையும் கைகொடுக்கிற நண்பர்களையும் குடும்பத்தையும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மனசு தாங்காத நேரத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாம் என்று மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. 2022 முதல் நடக்கிறது. படத்தின் முடிவில் அந்த எண்ணைப் போடுங்கள். அதோடு நில்லாமல் முடிவையும் மாற்றுங்கள்.

நான் மாற்றினேன். இப்போது கடைசிக் காட்சி இப்படி: பையன் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போகிறான். குடம் நிறைந்து வழிகிறது. அவன் கவனிக்கவில்லை. ஒரு கை வந்து குழாயை மூடுகிறது. அம்மாவின் கை. "என்னய்யா?" என்ற குரலோடு படம் முடிகிறது. அந்தக் கை என் அம்மாவின் கைதான். ஒரே டேக்!

ஆகஸ்டில் ஒரு ராத்திரி அந்தப் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். அம்மா அதுவரை அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பார்த்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் விடியுமுன்னே மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

"ஒரு பேப்பருக்கு எவ்வளவுல கட்டணும்?"

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தச் செருப்பை மாட்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆனது என்பது மட்டும் தெரிந்தது. மறைப்பது நம் வயசுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று மேலே எழுதிவிட்டேன். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

அக்டோபரில் அந்தப் பேப்பரை எழுதினேன். பாஸ்!

நண்பர்களே, நம் வயசை நம்மைவிட நன்றாக யார் எடுக்க முடியும்? அடுத்த விழாவுக்கு எடுங்கள். உங்கள் வீட்டுக் குடம் எது என்று மட்டும் முதலில் தேடிக் கண்டுபிடித்துவிடுங்கள்.